நாலாம் நம்பரில் சித்தி

எங்கள் வீட்டுப் புதிய டிவியின் முதுகில் ஒன்பது துளைகள் இருக்கின்றன. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். அவற்றில் மூன்று ஒரே மாதிரி. எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு, மூன்று என்று அவற்றுக்குப் பெயர். இரண்டாவதன் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி என்று கூடுதலாக எழுதியிருக்கிறது. அது ஏன் என்று மகனைக் கேட்டேன். "சவுண்ட் திரும்பி வர்றதுக்குப்பா" என்றான். போன சத்தம் எதற்காகத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டேன். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ரிமோட்டில் நாற்பத்தாறு பொத்தான்கள். நான் தொடுவது நான்கு. ஐந்தாவதை விரல் தவறித் தொட்டுவிட்டால் நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று எழுந்து நின்றுவிடுகிறது. பிறகு மகன் ஆபீசிலிருந்து வருகிறவரை அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சிக்னல் இல்லை என்பதை இப்போது டிவியே சொல்லிவிடுகிறது. எங்கள் முதல் டிவிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சிக்னல் இல்லாவிட்டால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருக்கும். மற்றதை வீட்டிலிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்படிக் கத்துகிற வேலையை நான் பதினோரு நாள் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அப்போது நாங்கள் செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் ஆறாம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. அப்பாவுக்குப் பெரிய யந்திரங்கள் செய்யும் மத்திய அரசு ஆலையில் வரைபடப் பிரிவில் வேலை. தெருவில் முதல் டிவி எங்களுடையதுதான். கால் வைத்த மரப்பெட்டி. இருபுறமிருந்தும் இழுத்து மூடும் கதவு, அதற்கொரு பூட்டு. அதன் முதுகில் துளையெல்லாம் கிடையாது. இரண்டு திருகாணிகள், அவ்வளவுதான். மொட்டை மாடியிலிருந்து தட்டையாக ஒரு ஒயர் இறங்கி வரும். அதற்குள் இரண்டு கம்பிகள். ஒரு கம்பிக்கு ஒரு திருகாணி. மாற்றி மாட்டினாலும் படம் வரும். இதைவிட ஒழுங்கான இணைப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

முன்பக்கம் ஐந்து குமிழ்கள் இருந்தன. ஒன்று சத்தத்துக்கு. ஒன்று வெளிச்சத்துக்கு. கான்ட்ராஸ்ட் என்பது கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் பிரித்துக் காட்டுவது. படம் மாடிப்படி ஏறுவதுபோல் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தால் வெர்டிகல் ஹோல்டைத் திருப்ப வேண்டும். செய்தி வாசிப்பவர் சாய்ந்து கோடு கோடாகக் கிழிந்தால் ஹாரிசான்டல் ஹோல்ட். இவை தவிர, பக்கத்தில் பெரிதாக ஒன்று. கடகடவென்று சுற்றும், பன்னிரண்டு எண்கள். ஹைதராபாத் நிலையம் ஒரே ஒரு எண்ணில்தான் வரும். மீதிப் பதினொன்றிலும் புள்ளிதான். பதினொன்றை எதற்கு வைத்தார்கள் என்று நான் அப்போதே கேட்டேன். அப்பா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு ஊராம். எங்கள் மேல் விழுந்த தொல்லை இந்தப் பதிலிலிருந்துதான் கிளம்பியது.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து மாமா ஓர் இன்லேண்ட் லெட்டர் போட்டிருந்தார். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து, கடைசி மடிப்பில் இரண்டு வரி. சித்தி டிவியில் பாடப்போகிறாள், அடுத்ததற்கு அடுத்த செவ்வாய் மாலை ஏழு மணிக்கு, இங்கே நாலாம் நம்பரில் வரும்.

சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. அவளைப் பற்றி எங்கள் வீட்டில் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அப்பா தன் பிரிவில் வேலை பார்த்த ஒருவரைச் சித்திக்குப் பேசி முடித்து, பத்திரிகையும் அச்சடித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சித்தி மாட்டேன் என்றுவிட்டாள். பிறகு மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டாள். அந்தப் பழைய மாப்பிள்ளையின் மேசை அப்பாவின் மேசையிலிருந்து மூன்றாவது மேசை. அவருக்கு மாற்றல் வரும்வரை ஆறு வருஷம் தினமும் இரண்டு வேளை அப்பா அவரைக் கடந்துதான் தேநீருக்குப் போக வேண்டும். "இனிமே இந்த வீட்ல அவ பேச்சு எடுக்கக்கூடாது" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னாராம். அம்மாவும் எடுக்கவில்லை. கடிதமும் போடவில்லை. இதெல்லாம் அக்கா என்னிடம் சொல்லித் தெரிந்தது.

அம்மா மாமாவின் கடிதத்தைப் படித்து, மடித்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அப்பா வந்ததும் எடுத்துக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதே டின்னுக்கு அடியில் வைத்தாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பா ரசத்தைப் பார்த்துக்கொண்டு, "மெட்ராஸ் வருதான்னு பார்க்கலாம்" என்றார்.

டிவி மெக்கானிக்கை வரவழைத்தார். கடைத்தெருவில் சின்னதாகக் கடை வைத்திருந்த ஒரு பாய். எங்கள் ஆன்டெனாவை மாட்டியவரும் அவரே. மொட்டை மாடியில் நின்று, அதில் இருந்த ஐந்து கம்பிகளையும் அப்பாவுக்கு விளக்கினார். நடுவில் வளைத்து ஒயர் மாட்டியிருப்பது டைபோல். அதற்குப் பின்னால் சற்று நீளமாக இருப்பது ரிஃப்ளெக்டர். அது தாண்டிப் போகிற சிக்னலைத் திருப்பி அனுப்பும். முன்னால் ஒன்றைவிட ஒன்று குட்டையாக இருக்கும் மூன்றும் டைரக்டர்கள். குட்டை முனை நிலையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். டைரக்டர்கள் கூடினால் தூரத்துச் சிக்னலையும் பிடிக்கும். இதுவரை அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்போ மெட்ராஸ்?" என்றார்.

"நக்கோ சாப். மெட்ராஸ் நை ஆதா." வேண்டாம், மெட்ராஸ் வராது என்றார் பாய்.

"கைக்கு? ஏன் வராது? எங்க வீட்டு ரேடியோல சிலோனே வருது. மெட்ராஸ் அதைவிடக் கிட்ட."

"ஹவ் சாப், வோ அலக், யே அலக்" என்றார் பாய். அது வேறு, இது வேறு. கீழே இறங்கி வந்து அம்மாவிடம் ஒரு முலாம்பழம் கேட்டார். பழத்தின் மேல் இரண்டு தீக்குச்சிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் குத்தினார். இது மெட்ராஸ், இது நீங்கள். ரேடியோ அலை மேலே போய் வானத்தில் முட்டித் திரும்பி விழும். டிவி அலை நேராகவே போகும். மெட்ராஸ் குச்சியிலிருந்து விரலை நேராக நீட்டினார். விரல் பழத்தை விட்டு விலகி, எங்கள் குச்சிக்கு மேலே வெறும் காற்றில் போய் நின்றது. எனக்கே புரிந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற விஷயம் அது.

"சமஜ் கயா" என்றார் அப்பா. பாய் போனதும் அம்மா அந்தப் பழத்தை அரிந்து சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் அப்பா ஆறு அலுமினியக் கம்பிகளோடு வந்து இறங்கினார்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. புரிந்தது என்று சொன்னவர் எதற்குக் கம்பி வாங்க வேண்டும்? அதோடு நின்றாரா? ஆலையில் பாகங்களுக்குப் போடுவதுபோல் ஆன்டெனாவுக்கு ஒரு வரைபடம் போட்டார். ஒவ்வொரு கம்பியும் எத்தனை அங்குலம், இடைவெளி எத்தனை என்று அம்புக்குறி போட்டு எழுதினார். ஐந்து கம்பி பதினொன்றாயிற்று. என் ஜாமெட்ரி பாக்ஸோடு வந்த திசைகாட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய், மெட்ராஸ் அக்னி மூலையில் இருக்கிறது என்று முடிவு செய்தார். பைப்பைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்ப்பைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் விரல்கடை விரல்கடையாகத் திருப்ப முடியுமாம். கழற்றியதால், இனி யாராவது அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்கு அவரே நின்றார்.

மொட்டை மாடிக்குப் பத்தொன்பது படிகள். நடுவில் படி திரும்புமிடத்தில் அக்கா. டிவி தெரிகிற வாசற்படியில் நான். அம்மா டிவி முன்னால். மேலிருந்து அப்பா, "வந்துதா?" என்பார். அக்கா அதையே கீழே சொல்வாள். நான் பார்த்து, "இல்லை" என்பேன். அக்கா மேலே, "ராலேதுப்பா!" என்பாள். அவளுக்கு அவசரத்தில் தெலுங்குதான் வரும்.

"தமிழ்ல சொல்லித் தொலையேன்டி! மெட்ராஸைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்!"

"தமிழ்லயும் ராலேதுதான்ப்பா!"

சனிக்கிழமை நிலைமை மோசமாயிற்று. அன்றைக்குத் தெலுங்குப் படம் பார்க்கப் பதினான்கு பேர் வழக்கம்போல் வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆன்டெனா அக்னி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் ஹைதராபாத் நேராக வராமல் எங்கெங்கோ முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் வெளிறிப்போன இன்னொரு ஆள். இதற்குக் கோஸ்ட் என்று பெயர், கான்ட்ராஸ்டைத் திருப்பினால் போகாது என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. கதாநாயகன் குதிரையில் வந்தான். அவன் பின்னாலேயே அவனே இன்னொரு குதிரையில் துரத்திக்கொண்டு வந்தான். வீட்டுக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஈ ரெண்டோவாடு எவரண்டி?" என்று கேட்டாள். அந்த இரண்டாவது ஆள் யார் என்று சொல்ல அப்பா அங்கே இல்லை. மொட்டை மாடியில் இருந்தார். இடைவேளைக்குள் பதினான்கில் ஒன்பது பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"அத்தனை பேரும் போயிட்டாங்க. அதைத் திருப்பித்தான் வைங்களேன்" என்றாள் அம்மா.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கட்டும்" என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் ஜுரத்துக்குக்கூட லீவு போட்டதில்லை. ஆறே காலுக்கு மேலே ஏறினார். நானும் அக்காவும் எங்கள் இடங்களில் நின்றோம். அம்மா முகம் கழுவி, தலை வாரி, வெளியே போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். நாலாம் நம்பரில் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் மாதிரியே இருக்கும்.

ஏழு அடித்தது. ஏழு ஐந்து ஆயிற்று. "வந்துதா?" "இல்லை." அப்பா குரலில் மூச்சு வாங்கியது. பைப்பை இப்படியும் அப்படியும் திருப்புகிற கீச்சுச் சத்தம் கேட்டது. ஒருமுறை திரையில் கறுப்பாக ஏதோ ஒரு பட்டை நெளிந்தது. அது தெருவில் போன ஆட்டோ எஞ்சினின் இடைஞ்சல். ஆறே காலிலிருந்து அதுவரை அப்பா இருபத்துமூன்று தடவை கேட்டிருந்தார். இருபத்துமூன்று தடவையும் நான் இல்லை என்றேன். தொண்டை கட்டிவிட்டது.

இருபத்துநான்காவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே, "வந்துடுச்சுன்னு சொல்லு" என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். புள்ளி. "வரலியேம்மா."

"சொல்லுடா."

"புள்ளிதான்ம்மா இருக்கு!"

"எனக்குக் கண்ணு இருக்கு. சொல்லுன்னா சொல்லு."

"வந்துடுச்சு!" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு வெறுப்போடு வேறெதையும் கத்தியதில்லை. "வச்சிந்திப்பா!" என்று அக்கா மேலே பார்த்துக் கூவினாள். மேலே கீச்சுச் சத்தம் நின்றது. பிறகு அப்பாவின் குரல், மெதுவாக: "அப்படியே பிடிச்சுக்கட்டுமா?"

"அசையாம பிடிச்சுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

ஏழரை வரைக்கும் அப்பா மொட்டை மாடியில் பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஏழரை வரைக்கும் அம்மா புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குறுக்கே போனபோது, "மறைக்காதே, நகரு" என்றாள். எதை மறைத்தேன்? இன்றுவரைக்கும் கேட்கிறேன்.

அப்பா இறங்கி வந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் பைப்பின் துரு. விரலை நீட்ட முடியவில்லை. அம்மா காபியை டம்ளரில் கொடுக்காமல், ஆற்றி, பெரிய கிண்ணத்தில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

"எப்படிப் பாடினா?"

"தொண்டை அப்படியேதான் இருக்கு" என்றாள் அம்மா. "ஆளுதான் இளைச்சுட்டா."

"சரி. பார்த்தோம்னு ஒரு லெட்டர் போடு."

இதைச் சொல்லும்போதும் அவர் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்போதே எழுத உட்கார்ந்துவிட்டாள். இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? பைப்பைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதருக்கு உண்மையைச் சொல்ல வேண்டாமா? கை கழுவப் போனவர் பின்னாலேயே போய், "அப்பா, படம் வரவே இல்லை. வெறும் புள்ளி" என்றேன்.

"நீ நின்ன இடம் அப்படி. பக்கவாட்டுல பார்த்தா புள்ளியாத்தான் தெரியும்."

மறுநாள் மாலை ஹைதராபாத் செய்தி வரும்போது அதே வாசற்படியில், அதே கோணத்தில் நின்று பார்த்தேன். செய்தி வாசிப்பவர் கோஸ்ட்டோடுதான் இருந்தார் என்றாலும், மூக்கு முழி எல்லாம் தெரிந்தது. அப்பா சொன்னது தப்பு. வரைபடப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கு ஒரு கோணம் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து நாளில் சித்தியிடமிருந்து பதில் வந்தது. அதைப் பிரித்து அப்பாவே எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார். அக்கா எந்த வகுப்பு, நான் எந்த வகுப்பு, அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள், வாத்தியாருக்கு இப்போது தலைமை ஆசிரியர் வேலை, எல்லோரையும் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. படித்து முடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி ஒருமுறை தனியாகப் படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடிதம் அரிசி டின்னுக்கு அடியில் போனதும் நான் எடுத்தேன். எத்தனை வரி என்று எண்ணத்தான். பதினேழு இருந்தது. அதில் இரண்டு வரி அப்பா படித்ததில் வரவில்லை. ‘அந்தச் செவ்வாய் என் பாட்டைப் போடவில்லை அக்கா, அடுத்த வாரம்தான் போட்டார்கள். ஆனாலும் நீ பார்த்ததாக எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன்.’

எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் பக்கம்தான் நியாயம் என்பதற்கு மெட்ராஸிலிருந்தே எழுத்தில் சாட்சி. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். "பார்த்தியா? அன்னிக்குப் பாட்டே கிடையாது. நான் சொன்னேன்ல?" அம்மா கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "போய் ரேஷன் கடையில கூட்டம் இருக்கான்னு பார்த்துட்டு வா" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். "ஓகோ" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் வெட்கமில்லை.

பாய் வந்து ஹைதராபாத்துக்கென்று தனியாக ஐந்து கம்பியில் வேறொரு ஆன்டெனா மாட்டினார். பதினான்கு பேரும் திரும்பி வந்தார்கள். பழையதைக் கழற்றிவிடலாமா என்று பாய் கேட்டபோது அப்பா, "நக்கோ. அது மெட்ராஸுக்கு" என்றார். பாய் அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கிளாம்ப்பை எடுத்து, அக்னி மூலை மாறாமல், அந்தப் பைப்பைச் சுவரோடு இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். முலாம்பழத்தை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் சித்தி வந்தாள். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அப்பாவே போய் அழைத்துக்கொண்டு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவள் வீட்டைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி மொட்டை மாடியைப் பார்த்தாள்.

"அத்தான், இதுலயா நான் வந்தேன்?"

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். "கொஞ்சம் புள்ளி இருந்துது" என்றார்.

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு சித்தி. பிறகு அக்கா. கடைசியில் அப்பாவும், பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு. கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது? நடுத்தெருவில் நாலு பேர் சிரிக்கிறார்கள். கீழ் வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்க்கிறாள். கொஞ்சம் இல்லை, முழுக்கப் புள்ளிதான் என்று நான் திருத்தினேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

எரிச்சலோடு மேலே பார்த்தேன். கம்பிகளை எண்ணினேன். பத்துதான் இருந்தது. ஒன்று காற்றில் எங்கோ விழுந்திருக்கிறது. அதையாவது சொல்லலாமென்று வாயெடுத்தேன். கேட்கிற நிலையில் ஒருவரும் இல்லை.